கோபுரத்துக்குப் பேர் இருக்கு, ஆளுக்கு இல்லை

"பழைய மதுரை பாருங்க", "அந்தக் காலத்துத் தஞ்சாவூர்" என்று தலைப்புப் போட்டு மின்னஞ்சலில் சுற்றி வருகிற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பழுப்பேறிய காகிதம். கோபுரம், மண்டபம், தெப்பக்குளம் எல்லாம் கம்பீரமாக நிற்கும். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் ஒரு சந்தேகம் வரும். ஆளுங்க எல்லாம் எங்கேப்பா போனாங்க? மதுரையில் எந்தக் காலத்தில் கோயில் வாசல் காலியாக இருந்திருக்கிறது? பூக்காரம்மா எங்கே, மாட்டு வண்டி எங்கே, சும்மா திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற பெரிசு எங்கே?

இந்தப் பதிவு அந்தக் காலி இடத்தைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். ஒரு டீ எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

முதலில் வந்தது கட்டடம்

புகைப்படக்கலையின் வரலாறு மனிதர் முகத்தில் ஆரம்பிக்கவில்லை, கூரையில் ஆரம்பித்தது. பிரான்சில் நியெப்ஸ் என்பவர் 1826 அல்லது 1827இல் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து எடுத்ததுதான் கேமராவால் பிடித்து இன்றுவரை தப்பியிருக்கும் படங்களில் மிகப் பழையது. கூரைகளும் சுவர்களும்தான் அதில் தெரிகின்றன, அதுவும் மசமசவென்று. மணிக்கணக்கில் திறந்து வைத்த கேமரா அது. அந்த நேரத்தில் சூரியனே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போய்விட்டதால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்த மாதிரி இருக்கும்.

இங்கிலாந்தில் டால்பட் 1835இல் எடுத்த முதல் நெகட்டிவும் அவருடைய லேக்காக் மாளிகை ஜன்னலைத்தான். கிட்டத்தட்ட தபால்தலை சைஸ்.

காரணம் எளிது. கட்டடம் ஆடாது, அசையாது, தும்மாது, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கேட்காது :-)

அடுத்து டாகர். 1838இல் பாரிசில் ஒரு பெரிய சாலையை மாடியிலிருந்து படம் எடுத்தார். ஜனநெரிசலான தெரு. ஆனால் படத்தில் ஈ காக்கா இல்லை. நடந்தவர்கள், ஓடின குதிரை வண்டிகள் எதுவும் பதியவில்லை. ஒரு இடத்தில் அரை நொடி இருந்துவிட்டு நகர்ந்து போனால் வெள்ளித் தகட்டுக்கு அது போதாது. ஆனால் ஓர் ஓரத்தில் ஒருத்தர் மட்டும் தெரிகிறார். காலைத் தூக்கி வைத்து செருப்புக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நிற்கிறார். சில நிமிடம் அசையாமல் நின்றதால் பதிந்துவிட்டார். பாலிஷ் போடுகிறவர் வேலை செய்து கொண்டிருந்ததால் மங்கலாகத்தான் தெரிகிறார்.

கேமராவில் பதிந்தவர்களாக நமக்குத் தெரிந்த முதல் மனிதர்கள் இந்த இரண்டு பேர்தான். இரண்டு பேர் பெயரும் யாருக்கும் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை பூரா இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது.

1839 ஆகஸ்ட் 19ஆம் தேதி பிரெஞ்சு அரசாங்கம் டாகரின் முறையை விலைக்கு வாங்கி உலகத்துக்கே இலவசம் என்று அறிவித்தது. (இங்கிலாந்துக்கு மட்டும் இலவசம் கிடையாது, அங்கே முன்கூட்டியே பேடண்ட் போட்டுவிட்டார்கள். அண்டை வீட்டுப் பாசம்!) 1851இல் அதே பிரான்சில் அரசு ஐந்து புகைப்படக்காரர்களைத் தேர்ந்தெடுத்து நாடு முழுக்க அனுப்பி, இடிந்துகொண்டிருந்த பழைய தேவாலயங்களையும் கோட்டைகளையும் படம் எடுக்கச் சொன்னது. கட்டடக்கலையைப் படமாக ஆவணப்படுத்தும் வேலையை ஓர் அரசாங்கம் திட்டம் போட்டுச் செய்தது அப்போதுதான். அந்த யோசனை நம்ம ஊருக்கு வர அதிக நாள் ஆகவில்லை.

கேப்டன் டிரைப் மாட்டு வண்டியில் வருகிறார்

லின்னேயஸ் டிரைப். 1822இல் இங்கிலாந்தின் டெவன்போர்ட்டில் பிறந்தவர். பதினாறு பதினேழு வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் சேர்ந்தார். 1850களின் தொடக்கத்தில் விடுமுறையில் ஊருக்குப் போனபோது படம் எடுக்கக் கற்றுக்கொண்டு, 1854இல் பெங்களூர் திரும்பினார். உடனே ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்தார். 1855இல் மெட்ராசில் நடந்த கண்காட்சியில் அந்தப் படங்கள் பேர் வாங்கின. அதே வருடம் பர்மாவில் மிண்டோன் அரசரைப் பார்க்கப் போன ஆங்கிலேயத் தூதுக் குழுவோடு அவரையும் அனுப்பினார்கள்.

அதே 1855இல்தான் கம்பெனி மேலிடம், பழைய சின்னங்களை ஓவியர்களை வைத்து வரைவதற்குப் பதிலாகப் புகைப்படம் எடுக்கலாமே என்று இந்தியாவிலிருந்த அதிகாரிகளுக்கு யோசனை சொன்னது. மெட்ராஸ் அரசாங்கம் ஒரு படி மேலே போய் டிரைப்பை அரசுப் புகைப்படக்காரராகவே நியமித்தது.

1857 டிசம்பரில் புறப்பட்டார். வருடத்தைப் பாருங்கள். வடக்கே சிப்பாய்க் கலவரம் கொழுந்துவிட்டு எரிகிற நேரம். தெற்கே ஒரு ராணுவ கேப்டன் மாட்டு வண்டிகளில் கேமராவையும் ரசாயனப் புட்டிகளையும் ஏற்றிக்கொண்டு சேலம், ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று போகிறார். சாமி கும்பிடப் போகவில்லை. கோயிலோடு கோட்டைகளும், ராயக்கோட்டை மலையும், வைகை ஆற்றைக் கடக்கும் பாதையும் அந்தப் பட வரிசையில் இருக்கின்றன. ஆட்சி செய்கிறவன் தன் கையிருப்பைக் கணக்கெடுக்கிற வேலையும் அதில் கலந்திருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஆனால் படங்கள்? அடேங்கப்பா. ஒவ்வொரு நெகட்டிவும் ஒரு அடிக்கு ஒன்றேகால் அடி அளவில். பெரிதாக்கிப் பிரிண்ட் போடுவதெல்லாம் அப்போது நடக்காது. நெகட்டிவ் எந்த சைஸோ படமும் அந்த சைஸ். அதனால் கேமராவே ஒரு ட்ரங்குப் பெட்டி மாதிரி இருக்கும்.

இங்கே ஒரு தொழில் ரகசியம். அப்போது மேல்நாட்டில் புதிதாக வந்திருந்தது கண்ணாடித் தகட்டு முறை. 1851இல் ஆர்ச்சர் என்பவர் கண்டுபிடித்தது. படம் துல்லியமாக வரும். ஆனால் தகட்டில் பூசிய கரைசல் காய்வதற்குள் படம் எடுத்து, கழுவியும் முடிக்க வேண்டும். மொத்தம் பத்து நிமிட ஆட்டம். மதுரைச் சித்திரை வெயிலில் இது எவ்வளவு அவஸ்தை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் டிரைப் பெரும்பாலும் காகித நெகட்டிவையே நம்பினார். நல்ல காகிதத்தை மெழுகில் ஊற வைத்து, அதில் வெள்ளி உப்பு ஏற்றுவது. இதை முன்னாடியே தயார் செய்து பெட்டியில் வைத்துக்கொண்டு பயணம் போகலாம். படம் எடுத்த பிறகு சாவகாசமாகக் கழுவலாம். ஒரே குறை, கேமராவை நிமிடக்கணக்கில் திறந்து வைக்க வேண்டும்.

இப்போது புரிகிறதா மதுரை ஏன் காலியாக இருக்கிறது என்று? பூக்காரம்மா அங்கேதான் இருந்திருப்பார். வண்டியும் போயிருக்கும். நகர்ந்தவர்கள் எல்லாம் கரைந்து போனார்கள், தூண் மட்டும் மிச்சம். சில இடங்களில் வேண்டுமென்றே ஆட்களை விலக்கிவிட்டும் எடுத்திருக்கலாம். எப்படியானாலும் முடிவு ஒன்றுதான்.

அந்தப் படங்களால் நமக்குக் கிடைத்த லாபம் பெரிது. திருமலை நாயக்கர் மகால் என்று இன்று டிக்கெட் வாங்கிப் பார்க்கிறோமே, அது 1866 முதல் 1872 வரை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு காலத்தில் பழுது பார்க்கப்பட்டது. அதற்கு முன்னால் அது எந்தக் கோலத்தில் கிடந்தது என்பதை டிரைப் படத்தில் பார்க்கலாம். விளக்குத்தூண், புது மண்டபம், தெப்பக்குளம், மீனாட்சி கோயில் நகைகள் என்று மதுரைக்கு மட்டுமே நான்கு தொகுதிகள். தஞ்சாவூரும் "டிரிவாடி"யும் சேர்ந்து ஒரு தொகுதி. டிரிவாடி என்றால் முழிக்காதீர்கள், நம்ம திருவையாறுதான்.

இருபத்தொரு படம், பத்தொன்பதரை அடி

அவர் எடுத்ததிலேயே என்னை அசர வைப்பது கோபுரப் படம் எதுவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடுகிற கல்வெட்டுகள். கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி ஒரே நீள் சுருளாக்கினார். நீளம் ஏறக்குறைய பத்தொன்பதரை அடி! கம்ப்யூட்டரில் பனோரமா ஒட்டவே நாம் திணறுகிறோம். இவர் 1858இல் கத்தரிக்கோலும் பசையும் வைத்துச் செய்திருக்கிறார்.

இதில் ஒரு விசேஷம். அந்த சமயத்தில் இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்பதே பொதுவில் தெளிவாக இல்லை. தலபுராணம் ஒன்று சொல்லும், ஊர்ப்பேச்சு இன்னொன்று சொல்லும். 1886இல் மெட்ராஸ் அரசின் கல்வெட்டு ஆய்வாளராக வந்த ஜெர்மானியர் ஹூல்ட்ஷ் அந்த எழுத்துகளைப் படித்துப் பதிப்பித்த பிறகுதான் ராஜராஜன் பெயர் ஐயமில்லாமல் நிலைத்தது. பெரிய கோயில் கல்வெட்டுகள் 1891 முதல் புத்தகமாக வரத் தொடங்கின. அதாவது, படித்துச் சொல்ல ஆள் வருவதற்கு முப்பது வருடம் முன்னாலேயே கேமரா அந்த எழுத்தைப் பிடித்து வைத்துவிட்டது.

அந்தக் கல்லில் என்ன இருக்கிறது? நான் கொடுத்தது, அக்கா கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுங்கள் என்று ராஜராஜன் உத்தரவு போடுகிறார். வெட்டியிருக்கிறார்கள். மன்னர் பெயரோடு நிற்கவில்லை. கோயிலைக் கட்டிய தலைமைத் தச்சர் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் பெயர் இருக்கிறது. இன்னொரு நீண்ட கல்வெட்டில், வெவ்வேறு ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்களின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருத்தருக்கும் பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, வருடத்துக்கு நூறு கலம் நெல் விளையும் பங்கு. நக்கன் சேரமங்கை, நக்கன் எடுத்தபாதம் என்று வாசித்துக்கொண்டே போனால் ஒரு தெருவில் நடந்து போகிற உணர்வு வரும்.

இதை ரொம்பப் புல்லரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெண்கள் விரும்பி வந்தார்களா என்று கல்வெட்டு சொல்லாது. அது அடிப்படையில் ஒரு சம்பளப் பட்டியல். நெல் அளந்து கொடுக்க வேண்டும், ஆகவே பேர் வேண்டும். அவ்வளவுதான். ஆனாலும் முகம் இல்லாமல் பேர் மட்டும் ஆயிரம் வருடம் நின்றுவிட்டது.

1858இல் அதே கல்லுக்கு முன்னால் கேமரா நின்றபோது, பெட்டி தூக்கியவர்கள், தண்ணீர் சுமந்தவர்கள், கூட்டத்தை விலக்கியவர்கள் என்று எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். சுருளில் கோயில் பெயர் இருக்கிறது, கேப்டன் கையெழுத்து இருக்கிறது. மற்ற ஆட்கள் யாருக்கும் முகமும் இல்லை, பேரும் இல்லை.

டிரைப்பின் கதை அப்புறம் சுருக்கமாக முடிந்துவிட்டது. 1859இல் மெட்ராஸ் கவர்னராக வந்த டிரெவெல்யன், இப்போதைய நிதி நிலைமையில் இதெல்லாம் ஆடம்பரம் என்று சொல்லி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். டிரைப் தொடர்ந்து ராணுவத்தில் இருந்து, ஓய்வு பெற்று ஊருக்குப் போய், 1902இல் இறந்தார். 1860க்குப் பிறகு அவர் பெயர் சொல்கிற மாதிரி பெரிய வேலை எதுவும் வரவில்லை.

முகம் வந்த கதை

சரி, கட்டடம் போதும். முகத்துக்கு வருவோம்.

ரசாயனம் வேகமாக ஆக ஆக மனிதர்கள் கேமரா முன்னால் உட்கார முடிந்தது. உட்கார முடிந்தது என்றால் இன்றைய மாதிரி "ஸ்மைல்" இல்லை. ஸ்டூடியோவில் தலைக்குப் பின்னால் இரும்புக் கவ்வி ஒன்று இருக்கும், தலை ஆடாமல் பிடித்துக்கொள்ள. பழைய படங்களில் எல்லாரும் விறைப்பாக இருப்பதற்கு ஒரு காரணம் இதுதான். புன்னகையை நிறுத்தி வைப்பது கஷ்டம், முறைப்பை நிறுத்தி வைப்பது சுலபம்.

இந்த இடத்தில் வருகிறார் ஜூலியா மார்கரெட் கேமரூன். பெயரிலேயே கேமரா இருப்பது தற்செயல்! 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா கம்பெனி அதிகாரி. கணவர் சார்லஸ் ஹே கேமரூன் சட்ட நிபுணர். இலங்கை வரலாறு படித்தவர்களுக்கு "கோல்புரூக் கேமரூன் ஆணைக்குழு" ஞாபகம் வரும், அந்தக் கேமரூன்தான். பிற்பாடு குடும்பம் இங்கிலாந்து போய் வைட் தீவில் தங்கியது. 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48.

கோழிக்கூட்டை ஸ்டூடியோ ஆக்கினார். கரி போடுகிற அறையை இருட்டறை ஆக்கினார். கார்லைல், டார்வின், டென்னிசன் என்று அந்தக் காலப் பெரிய தலைகள் எல்லாம் வந்து உட்கார்ந்தார்கள். ஜான் ஹெர்ஷலையும் எடுத்தார். படத்தை நிலைநிறுத்துகிற "ஹைப்போ" ரசாயனம் தந்தவர் இந்த ஹெர்ஷல். கலைத்த நரைமுடியும் இருட்டிலிருந்து வெளியே வருகிற முகமுமாக 1867இல் எடுத்த அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்தால் மறக்க முடியாது.

அவர் ஃபோகஸ் சரியில்லை என்று சங்கக்காரர்கள் கிண்டல் அடித்தார்கள். அம்மையார் சட்டை செய்யவில்லை. காது, சட்டைப் பொத்தான் எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? கண்ணும் நெற்றியும் பேசினால் போதும். கடையில் எடுக்கிற அட்டைப்படம் வேறு, உருவப்படக் கலை வேறு என்று பிரித்துக் காட்டியதில் அவருக்குப் பெரிய பங்கு.

அவருக்குப் பெரிய மனிதர்கள் மட்டும் மாடல் இல்லை. வீட்டு வேலைக்காரப் பெண்களும்தான். மேரி ஹில்லியர் என்ற பணிப்பெண்ணை மாதாவாக நிறுத்தி எத்தனையோ படங்கள். மேரி ரையன் என்ற இன்னொரு பெண், தாயோடு பிச்சை கேட்டு வந்தவள், கேமரூன் வீட்டில் வளர்ந்தாள். லண்டனில் ஒரு படக் கண்காட்சியில் ஓர் இளைஞன் அவளைப் பார்த்து மயங்கினான். 1867இல் கல்யாணம். இருவரையும் ஜோடியாக நிற்க வைத்தும் கேமரூன் படம் எடுத்தார்.

அந்த இளைஞன் யார் தெரியுமா? ஹென்றி காட்டன். 1845இல் பிறந்தவர், பிறந்த ஊர் சாட்சாத் நம்ம கும்பகோணம்! இந்தியன் சிவில் சர்வீஸ் அதிகாரி. அசாமில் தலைமை ஆணையராக இருந்தபோது தேயிலைத் தோட்டக் கூலிகளுக்குச் சம்பளம் உயர்த்தச் சொல்லி வெள்ளைக்காரத் துரைமார்களின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர். 1904இல் பம்பாயில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர்தான் தலைவர். பிச்சைக்காரச் சிறுமியாக வந்த மேரி ரையன் கடைசியில் லேடி காட்டன். ஒரு கேமரா ஒரு வாழ்க்கையையே எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது பாருங்கள்.

அப்புறம் இலங்கை

1875இல் கேமரூன் தம்பதி இங்கிலாந்தை விட்டு இலங்கைக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர்களுக்குத் தோட்டங்கள் இருந்தன. 1869இல் தொடங்கிய இலை நோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்த காலம், வருமானமும் சுருங்கியது.

கேமரா கூடவே வந்தது. ஆனால் இலங்கையில் எடுத்ததில் இன்று மிஞ்சியிருப்பது முப்பதுக்கும் குறைவான படங்கள்தான். வீட்டைச் சுற்றி இருந்தவர்கள், வேலை பார்த்தவர்கள்தான் மாடல். படம் என்னவோ அதே தரம். அதே வெளிச்சம், அதே கண்கள். ஒன்றே ஒன்றுதான் மாறிவிட்டது. பேர் இல்லை.

வைட் தீவில் மேரி ஹில்லியர் பணிப்பெண், ஆனால் மேரி ஹில்லியர். களுத்துறையில் "இளம் பெண், சிலோன்." அவ்வளவுதான். 1878இல் எடுத்த ஒரு குழுப்படத்தில் களுத்துறைக் குடியானவர்கள் மூன்று பேர். அதன் குறிப்பில் பெண்ணுக்கு வயது 12 என்றும், கிழவர் தான் அவளுடைய அப்பா என்றும் தனக்கு நூறு வயது என்றும் சொல்கிறார் என்றும் எழுதியிருக்கிறது. வயதைக் கேட்டிருக்கிறார்கள், உறவைக் கேட்டிருக்கிறார்கள். பேரை மட்டும் எழுதவில்லை.

1877இல் மரியான் நார்த் என்ற ஓவியப் பெண்மணி அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போனார். அவர் தன் நினைவுக் குறிப்பில் ஒன்று சொல்கிறார். ஒரு ஆளின் முதுகு அபார அழகாக இருக்கிறதென்று கேமரூனுக்குப் பிடித்துப் போய், அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைக்கச் சொல்லி மகனை வற்புறுத்தினாராம். இத்தனைக்கும் அந்த வீட்டில் தோட்டமே இல்லையாம்! சிரிப்பாகத்தான் இருக்கிறது. நார்த்தின் பேர் இருக்கிறது, அந்த முதுகுக்காரர் பேர் இல்லை.

கேமரூன் 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் இறந்தார். கல்லறை பொகவந்தலாவையில் இருக்கிறது. மலையகத்தில் அந்தப் பக்கம் சுற்றிலும் இன்றும் தோட்டங்கள்தான், உழைப்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்தே போய்ச் சேர்ந்தவர்களின் வாரிசுகள்.

"பேர் எழுதலைன்னா என்ன குடி முழுகிப் போச்சு?" என்று ஒருத்தர் கேட்கலாம். முழுகித்தான் போனது. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தபோது மலையகத் தமிழர்களிடம் என்ன கேட்டார்கள்? உன் அப்பா இங்கே பிறந்தாரா, அல்லது தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா, காட்டு காகிதத்தை. துரைமார் கணக்குப் புத்தகத்தில் தலை எண்ணிக்கை இருந்தது, அதைக் காட்டி யாரும் தாத்தா பிறந்த இடத்தை நிரூபிக்க முடியாது. லட்சக்கணக்கான பேர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். நாடற்ற நிலையை முடிக்கிற சட்டம் இலங்கையில் 2003இல்தான் வந்தது.

கேமரூன் பேர் எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அவர் நல்ல கலைஞர், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவராகவே தெரிகிறது. ஆனால் ஒரு மனிதரை உற்று உற்றுப் பார்த்து, அழகு என்று வியந்து, பேரைக் கேட்காமல் விடுகிற பழக்கமும், தலையை எண்ணிவிட்டுப் பேரை விடுகிற கணக்கும் ஒரே வீட்டில் வளர்ந்தவை.

வெள்ளி உப்புக்குச் சிவப்பு தெரியாது

கொசுறாக ஒரு ரசாயனச் செய்தி. அந்தக் கால வெள்ளி உப்புக்கு நீலமும் ஊதாவும்தான் நன்றாகத் தெரியும். மஞ்சள் அரைகுறை. சிவப்பு சுத்தமாகத் தெரியாது. அதனால் வானம் வெள்ளைத்தாள் மாதிரி வெளுத்துவிடும். டிரைப் படங்களில் மேகம் இருந்தால் பாதி நேரம் அது நெகட்டிவின் பின்னால் அவரே தூரிகையால் தீட்டியது!

இதே குணம் முகத்தில் என்ன செய்யும்? குங்குமப் பொட்டு கரியாகிவிடும். வெற்றிலை போட்ட உதடு கறுத்துவிடும். மாநிறத் தோல் உண்மையில் இருப்பதைவிடப் பல மடங்கு இருட்டாக வரும். 1873இல் வோகல் என்ற ஜெர்மானியர் சாயம் கலந்து இதைச் சரி செய்ய வழி கண்டுபிடித்தார். சிவப்பு வரை ஒழுங்காகப் பதிகிற தகடுகள் வர இருபதாம் நூற்றாண்டு ஆகிவிட்டது. கறுப்பு ஒன்றும் குறை இல்லை, சாமி. ஆனால் பழைய படத்தை வைத்துக்கொண்டு "நம்ம முன்னோர் இந்த நிறம்" என்று முடிவு கட்டுகிறவர்கள், பார்ப்பது தோலை அல்ல, வெள்ளி உப்பின் பார்வைக் குறைபாட்டை என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே ஒரு பேர்

இவ்வளவு புலம்பினேனே, டிரைப் பக்கத்திலிருந்து ஒரு பேர் கூடத் தப்பவில்லையா? தப்பியிருக்கிறது. சி. ஐயாசாமி. டிரைப்பிடம் உதவியாளராக இருந்து தொழில் கற்றவர். பிற்பாடு மெட்ராஸ் கலைத்தொழில் பள்ளியில் புகைப்படம் கற்றுக்கொடுத்தார். டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் தொடங்கிய பள்ளி அது. இன்று எழும்பூரில் கவின் கலைக் கல்லூரியாக இருக்கிறது.

இந்தப் பேர் ஏன் தப்பியது? தஞ்சாவூர்ப் பெண்கள் பேர் தப்பிய அதே காரணம்தான். அவருக்குச் சம்பளம் போட வேண்டியிருந்தது, அதனால் அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டது. டிரைப் பெயரில் இருக்கிற அருமையான பிரிண்டுகளில் எத்தனை ஐயாசாமி கை பட்டவை என்று தெரியாது. ஆனால் இனிமேல் "கேப்டன் டிரைப் எடுத்த மதுரை" என்று யாராவது படம் அனுப்பினால், பக்கத்தில் ஒரு தமிழர் கைகளில் வெள்ளி நைட்ரேட் கறையோடு நின்றிருந்தார் என்று சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வீட்டில் பரணில் கிடக்கிற பழைய ஆல்பத்தை இறக்குங்கள். எங்கள் வீட்டில் ஒரு குரூப் ஃபோட்டோ இருக்கிறது. ஏழு பேர். அம்மா ஐந்து பேரை டக் டக்கென்று சொன்னார். ஓரத்தில் நிற்கிற இரண்டு பேர் யாரென்று அவருக்கும் தெரியவில்லை. ஒருத்தர் வயலில் வேலை பார்த்தவராக இருக்கும் என்கிறார். பின்னால் திருப்பிப் பார்த்தால் ஸ்டூடியோ முத்திரை மட்டும் பளிச்சென்று இருக்கிறது! எங்கள் வீட்டுக் களுத்துறை அது.

ஆகவே, சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார வைத்துக் கேளுங்கள். மெல்லிய பென்சிலால் படத்தின் பின்னால் எழுதுங்கள், பால்பாயிண்ட் வேண்டாம், அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும். இடது பக்கமிருந்து வரிசையாக, பேர், ஊர், உறவு, வருடம். கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தால் கோப்பின் பெயரிலேயே போடுங்கள். மாமா, சித்தப்பா மட்டும் இல்லை. படத்தில் இருக்கிற சமையல்காரம்மா, டிரைவர், பக்கத்து வீட்டுக் குழந்தை எல்லார் பேரும்.

பி.கு.: டிரைப்பின் தஞ்சாவூர்ச் சுருளும் கேமரூனின் இலங்கைப் படங்களும் வெளிநாட்டு அருங்காட்சியகங்களின் இணையப் பக்கங்களில் பார்க்கக் கிடைக்கின்றன. பார்த்துவிட்டு எந்தப் படம் உங்களைப் பிடித்து நிறுத்தியது என்று சொல்லுங்கள். உங்கள் வீட்டு ஆல்பத்தில் பேர் கண்டுபிடித்த கதை இருந்தால் தனிப் பதிவாகவே போடுங்கள், முதல் ஆளாக வந்து படிக்கிறேன்.